புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி: அண்ணாமலை நகர் ஆய்வகம் முதல் திண்டுக்கல் கிராமங்கள் வரை

புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி மூன்று இடங்களில் நடக்கிறது. எந்தப் புற்று, யாருக்கு, எந்த ஊரில் வருகிறது என்று பதிவேடு கணக்கெடுக்கிறது. காரணத்தையும் தடுக்கும் வழியையும் ஆய்வகம் தேடுகிறது. அந்த வழி மக்களிடம் பலிக்கிறதா என்பதைக் கள ஆய்வு சோதிக்கிறது. இம்மூன்றையும் கடந்த பிறகே ஒரு முறையை மக்களுக்குப் பரிந்துரைக்க முடியும்.

பதிவேடு

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்டது அடையாறு புற்றுநோய் நிறுவனம். டாக்டர் வி. சாந்தா பல்லாண்டுகள் வழிநடத்திய இந்நிறுவனம், 1980-களின் தொடக்கம் முதல் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வருகிறது. 2012-இல் கடலூர் உட்பட மாநிலம் முழுவதற்கும் இப்பணி விரிந்தது.

மருத்துவமனைக் கணக்கு சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டுமே காட்டும். மக்கள்தொகைப் பதிவேடு, குறிப்பிட்ட பகுதியில் வசிப்பவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று சொல்லும். சென்னையில் கருப்பை வாய்ப் புற்று படிப்படியாகக் குறைந்ததும், பெண்களிடம் மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்ததும் இப்படித்தான் தெரியவந்தன.

ஆய்வகம்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1929-இல் நிறுவப்பட்டது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் உயிர்வேதியியல் துறை வாய்ப்புற்று குறித்து நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ள ஊர்களில் அதிகம் காணப்படும் நோய் இது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

இந்த ஆய்வுகளில் பயன்படும் விலங்கு வெள்ளெலி. அதன் கன்னத்தின் உட்புறம் உணவைச் சேமிக்கும் பை உண்டு. டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளைத் திரவ பாரஃபினில் கரைத்து, வாரத்துக்கு மூன்று முறை அந்தப் பையில் தூரிகையால் பூசுவார்கள். சுமார் 14 வாரங்களில் அங்கே கட்டி உருவாகிவிடும். அதன் வளர்ச்சி பல வகையில் மனிதரின் வாய்ப்புற்றை ஒத்திருக்கும். பேராசிரியர் எஸ். நாகினியும் அவருடைய குழுவினரும் வேப்பிலைச் சாறு, தக்காளி, பூண்டு போன்றவற்றை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து, கட்டி உருவாவது குறைகிறதா என்று ஆராய்ந்தார்கள். நம்பிக்கையூட்டும் முடிவுகள் கிடைத்தன. ஆனால் விலங்கில் கண்ட பலன் மனிதரிலும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இந்த முடிவுகளைக் காட்டி வேப்பிலையைப் புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்வது தவறு.

கள ஆய்வு

திருவனந்தபுரம் வட்டார புற்றுநோய் மையம் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் 34 சதவீதம் குறைந்தது. முடிவு 2005-இல் வெளியானது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை கருப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனை நடந்தது. 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிச் சிறிது நேரம் காத்திருந்தால், மாறுதல் அடைந்த திசு வெளுத்துத் தெரியும். புற்றுக்கு முந்தைய நிலை எனில் உறையவைக்கும் சிகிச்சையால் அங்கேயே அகற்றலாம். வழக்கமான சேவையை மட்டும் பெற்ற ஊராட்சிகளோடு ஒப்பிடுகையில், இங்கே புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் கிராமத்திலேயே இதைச் செய்ய முடியும் என்பது 2007-இல் வெளியான இந்த முடிவின் சிறப்பு.

தடுப்பூசி

கருப்பை வாய்ப் புற்றில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம் எச்பிவி வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகள். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடுவதே அதிகப் பலன் தரும். தடுப்பூசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய்ப் பரிசோதனையும், பெண்களுக்குக் கூடுதலாக மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனைகளும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேவை என்பது தேசிய வழிகாட்டுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம். நோய் இருக்கும் என்று ஐயம் எழுந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் ஐந்தாண்டு காத்திருக்கக் கூடாது:

• வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண்
• காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை
• மார்பகத்தில் கட்டி, காம்பில் இரத்தக் கசிவு
• மாதவிடாய் நின்ற பின்போ, உடலுறவுக்குப் பின்போ இரத்தப்போக்கு

இவை எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் எது புற்று, எது இல்லை என்பதை மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை செய்த பிறகே சொல்ல முடியும்.