காலக்கோட்டின் தடங்கலும் அதன் பரிகாரமும்

முல்லைத்தீவுப் பகுதியின் கலைச்செல்வங்களுள் கோவலன் கூத்துத் தலையாயது. 2009 இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் வீடுகளிற் பேணிய பதிவுகள் பல அழிந்தொழிந்தமையால், மூத்த அண்ணாவிமார் உள்ளபோதே கூத்தினைக் காணொளியாக்குதல் இன்று இன்றியமையாததாகின்றது. ஆயின், விடிய விடிய ஆடப்பெறும் கூத்தை மூன்று கமராக்களிற் பதிந்து கணினியிலே தொகுக்கப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது ஓர் இடர். காலக்கோட்டிற் படம் சீராக ஓடாது தத்துகின்றது. ஒலி முன்செல்லப் படம் பின்தங்குகின்றது. செக்கனுக்கு 25 சட்டங்கள் கொண்ட படத்தில் ஒரு சட்டம் 40 மில்லிசெக்கன் நிற்கும். மூன்று சட்டங்கள் விடுபடினும் மத்தள அடியும் ஆடுவோன் கால்மிதியும் ஒன்றினவா என்பது கண்ணுக்குப் புலனாகாது. புலனாகாத இடத்தில் வெட்டுவது எங்ஙனம்?

புதுக்கணினி வாங்குவதே வழியெனப் பலர் எண்ணுவர். அது முற்றிலும் சரியன்று. காரணம் பெரும்பாலும் பதிவின் அமைப்பிலேயே உளது. 2003 இல் வெளிவந்த எச்.264, 2013 இல் வெளிவந்த எச்.265 ஆகிய சுருக்கல் முறைகள் இடையிடையே மட்டும் ஒரு சட்டத்தை முழுமையாக வைத்து, ஏனையவற்றில் அயற்சட்டங்களிலிருந்து வேறுபடும் பகுதியையே பெரும்பாலும் குறிக்கின்றன. எனவே நடுவிலுள்ள ஒரு சட்டத்தைக் காட்டுதற்கு முன்னுள்ள முழுச்சட்டத்திலிருந்து விரித்து வரல் வேண்டும். அந்தாதியின் இடைச்செய்யுளைக் கேட்டால் தொடக்கத்திலிருந்து ஓதிவரும் மாணவனின் நிலை இதுவே. நேரே ஓடுங்கால் ஒருவாறு ஈடுகொடுக்கும் கணினி, பின்னோக்கிச் செலுத்துங்கால் திணறுகின்றது. மூன்று கமராக்களை ஒருங்கே காட்டவோ அதனாற் சிறிதும் இயலுவதில்லை.

இதற்குச் சிறந்த பரிகாரம் 'புரொக்சி' எனப்படும் பதிற்படமாகும். 3840×2160 அளவுள்ள மூலச் சட்டத்தில் 82,94,400 புள்ளிகள் உள. 1280×720 அளவில் அவை 9,21,600 ஆக, சரியாக ஒன்பதிலொன்றாகக் குறைகின்றன. அப்பதிற்படத்தை, ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனி முழுமையாக வைக்கும் புரோரெஸ் போன்ற முறையில் ஆக்கினால் தத்தல் பெரும்பாலும் நீங்கும். நொடிக்குரிய சட்ட எண், நேரக்குறி, ஒலித்தடங்கள் ஆகியன மூலத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். தொகுப்பு முடிந்தபின் மென்பொருள் மூலப்பதிவினை மீள இணைத்துக்கொள்ளும்.

இவ்வுபாயம் புதியதன்று. திரைப்படச் சுருளின் காலத்திலும் மூல நெகற்றிவைப் பேணிவைத்து, அதன் படியொன்றையே வெட்டி ஒட்டினர்; இறுதியில் அதற்கிசைய மூலத்தை வெட்டினர். 1994 இல் வெளிவந்த 'மகாநதி' ஆவிட் கணினி முறையைக் கையாண்ட முதல் இந்தியப் படமெனக் கூறப்படும். அம்முறையும் தொடக்கத்தில் தரங்குறைந்த படியைக் கொண்டே இயங்கியது.

கைப்பேசிப் பதிவு தனிக்கவனத்துக்குரியது. அதிற் சட்டவேகம் அடிக்கடி மாறுவதுண்டு. நிலைவேகத்துக்கு மாற்றாது சேர்த்தால் நீண்ட காட்சியில் ஒலியும் படமும் சிறிது சிறிதாக விலகும். முன்னோட்டத்தை அரைத் தெளிவில் வைத்தால் காட்டவேண்டிய புள்ளிகள் காற்பங்காகும். கோப்புகளைச் சுழலும் வன்தட்டிலன்றித் திண்மநிலைத் தட்டில் வைத்தலும், நிறத்திருத்தத்தை இறுதிக்கு விடுதலும் நலம். வைகாசி வெம்மையில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதையும் வன்னியில் தொகுப்போர் மறத்தலாகாது. பதிற்படம் ஆக்கும் வேலையை இரவின் குளிர்ச்சியில் ஓடவிடலாம்.

மூலத்தை மீள இணைத்ததும், வரவுப்பாட்டு, நடுக்காட்சி, மங்களம் ஆகிய மூன்றிடங்களில் மத்தளத்திற் கைபடும் சட்டமும் ஒலியும் பொருந்துகின்றனவா என நோக்கிய பின்னரே படத்தை வெளியேற்றல் வேண்டும்.