காவல் துறையின் மூன்று கணக்குகள்

ஒரு நகரம் தன் காவல் துறைக்கு எவ்வளவு செலவிடுகிறது? ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால், அச்செலவு மூன்று கணக்குகளில் பிரிந்து கிடப்பது வழக்கம். முதலாவது, சம்பளமும் நிர்வாகமும் அடங்கிய நிதி ஒதுக்கீடு. இரண்டாவது, ஆயுதங்களும் வாகனங்களும் போன்ற கருவிகள். மூன்றாவது, காவலரின் முறைகேட்டால் பாதிக்கப்பட்டோர்க்கு வழங்கப்படும் இழப்பீடு. முதற்கணக்கு எளிதில் கிடைக்கும். ஏனைய இரண்டும் மறைந்திருந்தால் மக்கள் அறிவது அரைக்கணக்கே. அமெரிக்க நாட்டின் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

கருவிகளை முதலில் நோக்குவோம். அங்கு '1033 திட்டம்' என ஒன்று உண்டு. இராணுவத்தில் எஞ்சிய பொருள்கள் அதன்வழி உள்ளூர்க் காவல் துறைகளுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. போக்குவரத்து, பராமரிப்புச் செலவுகளை மட்டுமே பெறுவோர் ஏற்பர். விலை கொடுத்து வாங்காத பொருளாதலால், கொள்முதல் கணக்கில் அதன் மதிப்பு தென்படுவதில்லை. 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் ஆர்ப்பாட்டக்காரர்களின் எதிரே கவச வாகனங்கள் நின்றபோதுதான், இத்தகைய கருவிகள் குறித்து நாடெங்கும் கேள்வி எழுந்தது. கலிபோர்னியா 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, இராணுவ வகைக் கருவிகளைப் பெறவும் பயன்படுத்தவும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஒப்புதலைப் பொதுக்கூட்டத்தில் பெறவேண்டும், ஆண்டறிக்கையும் வெளியிடவேண்டும்.

இழப்பீட்டுக் கணக்கோ இதனினும் சிக்கலானது. பல நகரங்களில் அத்தொகை காவல் துறையின் ஒதுக்கீட்டிலிருந்து அன்றி, நகரின் பொது நிதியிலிருந்து செல்கிறது. சிகாகோ நகரம் கடன் பத்திரங்கள் வெளியிட்டும் இத்தகைய தொகைகளைச் செலுத்தியுள்ளது. அதற்கான வட்டியும் வரி செலுத்துவோர் தலையிலேயே விழும். சட்டப் பேராசிரியர் ஜோயானா சுவார்ட்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதிக்கப்பட்டோர் பெற்ற தொகையில் காவலர்கள் தம் கையிலிருந்து கொடுத்தது ஏறத்தாழ 0.02 விழுக்காடே.

2014 அக்டோபரில் சிகாகோவில் லக்குவான் மெக்டொனால்ட் என்னும் 17 வயது இளைஞரைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றார். இளைஞர் காவலர்களை நோக்கிக் கத்தியுடன் வந்தார் என்று காவலர்கள் பதிவுசெய்தனர். 2015 ஏப்ரலில் நகர மன்றம் அவர் குடும்பத்திற்கு 5 மில்லியன் அமெரிக்க டாலர் வழங்க இசைந்தது. எனினும், சம்பவத்தின் காணொளி மக்கள் பார்வைக்கு வந்தது நீதிமன்ற ஆணைக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில்தான். அவர் விலகி நடந்துகொண்டிருந்ததை அது காட்டியது. சுட்ட காவலர் 2018இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். பொதுப்பணம் கொடுக்கப்பட்டு ஏழு திங்கள் வரை, அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைப் பணத்திற்குரிய மக்கள் கண்ணால் காணவில்லை.

இங்குச் சொல்லொன்றையும் கருதவேண்டும். வழக்கு 'உடன்பாட்டில் தீர்ந்தது' எனச் செய்தியில் படிக்கிறோம். தீர்ந்தது பணத் தகராறு மட்டுமே. பெரும்பாலான உடன்பாடுகளில் நகரம் தவற்றை ஒப்புக்கொள்வதில்லை. வழக்குச் செலவைத் தவிர்க்க இசைவதும் உண்டு. ஆதலின் தொகையை மட்டும் வைத்துக் காவலரைக் குற்றவாளி என்பதும் பொருந்தாது. எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் பொருந்தாது.

எனவே, வெளிப்படைத்தன்மை என்பது மொத்தத் தொகையை அறிவிப்பதோடு நிறைவுறாது. ஒவ்வோர் உடன்பாட்டிலும் குற்றச்சாட்டு யாது, தொகை எவ்வளவு, எந்நிதியிலிருந்து சென்றது, அதன்பின் எடுத்த நடவடிக்கை என்ன என்னும் நான்கும் ஒரே இடத்தில் வெளியாகவேண்டும். சாட்சிகளின் அடையாளத்தையும் நடப்பு விசாரணையின் விவரங்களையும் காப்பது முறையே. செலவையும் அதன் காரணத்தையும் மறைக்க அது சாக்காகக் கூடாது. ஒரே பிரிவில் ஒரே வகைக் குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் எழுவதை அப்போதுதான் மக்கள் காண்பர். அடுத்த இழப்பீட்டுக்கு முன்னரே அதனைத் திருத்துமாறு கேட்பர்.