உள்ளே எவ்வளவு இருக்கிறது?

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் எரிதிரவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். திரவமட்டம் 10 அடிக்கும் கீழே இருப்பதாகவும், மெல்ல இறங்கிவருவதாகவும் கட்டுப்பாட்டறைத் திரை காட்டியது. உண்மையில் கோபுரம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. சற்று நேரத்தில் திரவம் பொங்கி வெளியேறித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

அங்கிருந்த மானி, திரவத்தில் அமிழும் ஓர் உருளையின் மிதப்பு விசையை மட்டமாக மாற்றிச் சொல்வது. அதன் அளவெல்லையோ கோபுரத்தின் அடியில் சில அடிகள்தான். உருளை முழுக்க மூழ்கியபின் மட்டம் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. சூடேறிய திரவத்தின் அடர்த்தி குறைந்தது, மிதப்பு விசையும் குறைந்தது. மட்டம் இறங்குவதாகத் திரை காட்டியதன் காரணம் இதுதான்.

ரேடார் மட்டமானிக்கு அடர்த்தி பொருட்டல்ல. தொட்டியின் உச்சியிலிருந்து மைக்ரோ அலையை அனுப்பி, அது திரவப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. 1970களின் நடுப்பகுதியில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் எண்ணெய்க் கப்பல்களுக்காக இதை வடிவமைத்தது. மட்டம் 1 மில்லிமீட்டர் மாறினால், அலை திரும்பும் நேரம் மாறுவது விநாடியின் லட்சம் கோடியில் சுமார் 7 பங்குதான். இவ்வளவு சிறிய நேரத்தை நேரடியாக அளப்பது கடினம். அதனால் பல கருவிகள் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே அலையை அனுப்புகின்றன. திரும்பிவரும் எதிரொலி சற்று முந்தைய அதிர்வெண்ணைச் சுமந்துவரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தூரத்தைத் தந்துவிடும்.

எதிரொலி எவ்வளவு வலுவாக வரும் என்பது திரவத்தின் டைஎலக்ட்ரிக் மாறிலியைப் பொறுத்தது. தண்ணீருக்கு அது சுமார் 80. அலையின் ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். பெட்ரோல் வகைகளுக்கு அது சுமார் 2, திரும்புவது ஏறத்தாழ 3 சதவீதம். மீதி திரவத்துக்குள்ளேயே போய்விடுகிறது.

இந்தக் குறையையே பயனாக்கிக்கொண்டது கைடட் வேவ் ரேடார். தொட்டிக்குள் தொங்கும் கம்பி வழியே துடிப்பு இறங்குகிறது. எண்ணெயின் மேற்பரப்பில் ஓர் எதிரொலி, அடியில் தேங்கிய தண்ணீரில் இன்னோர் எதிரொலி என இரண்டு மட்டங்கள் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடும். ஆனால் எண்ணெய்க்குள் அலையின் வேகம் குறையும். அந்த எண்ணெயின் மாறிலியைச் சரியாகப் பதிவுசெய்யாவிட்டால் தண்ணீர் இருக்கும் இடம் தப்பாகிவிடும். அடர்த்தியிலிருந்து தப்பித்த கருவிக்கும் இப்படி ஓர் அனுமானம் உண்டு.

ரேடாரில் அடுத்துக் கவனிக்கவேண்டியது பீம் ஆங்கிள், அதாவது அலை விரியும் கோணம். டார்ச் வெளிச்சத்தைப் போல ரேடார் அலையும் போகப்போக விரியும். 80 மில்லிமீட்டர் ஆன்டெனாவில் 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 10 டிகிரி விரியும், 80 கிகாஹெர்ட்ஸ் அலை 3 டிகிரி சொச்சம்தான். விரிந்த அலை ஏணியிலும் கலக்கியின் இலைகளிலும் பட்டுப் பொய் எதிரொலிகளைத் தரும். தொட்டி காலியாக இருக்கும்போதே அவற்றைப் பதிவுசெய்து, இவற்றைப் பொருட்படுத்தாதே என்று கருவிக்குச் சொல்லிவைப்பார்கள். பாதி நிரம்பிய தொட்டியில் அவசரமாக இதைச் செய்தால், உண்மையான திரவப்பரப்பும் பொய்க் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் முதலில் பார்க்கவேண்டியது டெட் சோன். ஆன்டெனாவுக்கு மிக அருகிலிருந்து வரும் எதிரொலி, அனுப்பிய அலையின் அதிர்வுக்குள்ளேயே மறைந்துவிடும். தொட்டி வழியப்போகும் நேரத்தில் திரவம் எட்டுவது அந்த இடத்தைத்தான். அதனால் நிரப்பும் உச்சவரம்பை அந்தப் பகுதிக்குக் கீழே வைக்கவேண்டும். வழிதலைத் தடுக்கும் சுவிட்சும் மானியைச் சாராமல் தனியே இயங்கவேண்டும்.

அனல்மின் நிலையக் கொதிகலன் டிரம்மில் சிக்கல் வேறு. உயரழுத்த நீராவியே அலையைத் தாமதப்படுத்துவதால் மட்டம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதற்காகக் கைடட் வேவ் ரேடாரின் கம்பியில், நீராவிப் பகுதிக்குள், தெரிந்த தூரத்தில் ஒரு குறிப்புப் பிரதிபலிப்பான் பொருத்துகிறார்கள். அதன் எதிரொலி எவ்வளவு தள்ளி வருகிறதோ, அந்த அளவைக் கொண்டு கருவி தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும்.