முட்டையோடு அமையும் விதம்

மாத்தளை மாவட்டத்தின் நிலத்தடியிலே பளிங்குச் சுண்ணக்கற் படைகள் கிடத்தலை நாம் அறிவோம். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், நிலத்தின் ஆழத்திலே பெருவெப்பமும் பேரழுத்தமும் தாக்கியதால் அவை பளிங்காயின. அவ்வினத்தைச் சேர்ந்த கல்சியங் காபனேற்றைக் கொண்டே நம் வளவிலே மேயும் கோழியும் தன் முட்டைக்கு ஓடு கட்டுகின்றது. ஆனால் அதற்குச் சூளை வேண்டுவதில்லை, உடற்சூடே போதும். காலமும் ஏறக்குறைய 20 மணி நேரமே.

முட்டை, சூலகத்திலிருந்து இறங்கும் வழியில் முதலில் வெண்கருவையும் பின்னர் மெல்லிய இரு சவ்வுகளையும் பெறுகின்றது. வெளிச்சவ்வின் மேற் புரதத்தாலான நுண்முகைகள் பரந்து கிடக்கும். முட்டை ஓட்டுச் சுரப்பியை அடைந்ததும், பளிங்கு முளைப்பது இம்முகைகளிலேதான். முதலில் வடிவற்ற படிவாய்ச் சேருஞ் சுண்ணம், பின்பு கல்சைட்டுப் பளிங்காக மாறித் தூண்தூணாக வளர்கின்றது. சுரப்பி நீரிலுள்ள புரதங்கள் அப்பளிங்குகளின் வடிவையும் பருமனையும் ஆளுகின்றன. நிலத்துப் பளிங்குக்கு இத்தகைய மேற்பார்வையாளர் இல்லை! தூண்களிடையே அமையும் பல்லாயிரம் நுண்டுளைகளின் வழியே குஞ்சு மூச்சுவிடுகின்றது. தன் என்புக்கு வேண்டிய கல்சியத்தின் பெரும்பங்கையும் அது ஓட்டிலிருந்தே கரைத்தெடுக்கின்றது.

ஓட்டின் காபனேற்று, கோழியின் உடலில் உண்டாகும் காபனீரொட்சைட்டிலிருந்து வருவது. கடுவெயிலிற் கோழி வாய் திறந்து இளைக்கும்போது அவ்வாயு வீணே வெளியேறுவதால் ஓடு மெலிகின்றது. கல்சியமோ உணவிலிருந்து வரவேண்டும். ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் தேவை. குருதியில் ஒரு வேளையில் உள்ளது அதிற் சிறு துளியே. மேலும், ஓடு பெரும்பாலும் கோழி இரையெடாத இரவிலேயே உருவாகின்றது. அப்போது அது தன் நீண்ட என்புகளின் உள்ளே சேமித்த கல்சியத்தைக் கரைத்துக் கொடுக்கின்றது. உணவிற் சுண்ணங் குறைந்தால் முதலில் ஓடு மெலியும். நாளடைவிற் கோழி நிற்கவும் வலுவிழந்துவிடும்.

கோழி வளர்க்கும் பழைய மாணவர்கள் நம்மிடையே பலர் உளர். எனவே ஒன்று சொல்லுதல் தகும். நம் பகுதிக் கல்லிற் பெரும்பங்கு மகனீசியம் மிக்க தொலமைற்று ஆகும். முட்டையிடுங் கோழிக்கு அதன் தூளை ஊட்டினால் மிகுந்த மகனீசியம் கல்சியத்துக்கு இடையூறாகி ஓட்டைக் கெடுக்கும். கடற்சிப்பியே உகந்தது. அதனையும் மாவாக இடியாது, பருக்கையாக மாலையில் வைத்தல் வேண்டும். இரைப்பையிற் கிடந்து இரவு முழுவதும் மெல்லக் கரையும்.