பிரஸ்ஸல்ஸில் ஒரு பீர் வகுப்பு

பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம், அந்நகரின் நடுவே, பொன்முலாம் மின்னும் மாளிகைகள் நாற்புறமும் சூழ விளங்கும் கிராண்ட் பிளாஸ் என்னும் சதுக்கம். 1695-ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னனின் படை பீரங்கி கொண்டு தாக்கியபோது இடிந்து எரிந்து, பின்னர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே மீண்டும் எழுந்த அந்த மாளிகைகளில் பல, அக்காலத்துத் தொழிற்குழுக்களுக்கு உரியவையாக இருந்தன. அவற்றுள் பீர் தயாரிப்போர் குழுவின் மாளிகை இன்றைக்கும் பெல்ஜிய பீர் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைமையகமாகவே இருந்துவருகிறது என்பதும், அந்நாட்டு ஜனங்களின் பீர்க் கலாசாரத்தை 2016-இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது என்பதும், அந்தப் பானத்துக்கு அங்கே உள்ள ஸ்தானத்தை ஒருவாறு உணர்த்தும்.

இச்சதுக்கத்தைச் சுற்றிப் பிரியும் சந்துகளில், பிரயாணிகளுக்கென்று நடத்தப்படும் சுவை வகுப்புகள் பல இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி அமர, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் ஐந்தாறு வகைப் பீர்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றிவைத்து, அவற்றைப் பார்க்கவும் முகரவும் சுவைக்கவும் கற்றுக்கொடுக்கும் அந்த வகுப்புகளில் ஒன்றில் கலந்துகொள்ளும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. குடிப்பதற்கும் ஒரு வகுப்பா என்று நம்மவர்கள் கேட்பது இயல்பே. மதுவினால் தேகத்துக்கும் குடும்பத்துக்கும் விளையும் கேடுகளை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை; அபாயமே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு. ஆயினும் அந்த மேஜையில் நடந்தது குடி அன்று. நாம் உண்பதையும் பருகுவதையும் எவ்வளவு கவனமில்லாமல் விழுங்கி வருகிறோம் என்பதை எடுத்துக்காட்டி, நாசியையும் நாவையும் அவற்றுக்குரிய வேலையில் அமர்த்தும் ஓர் அப்பியாசமே அது.

முதற்பாடம் கண்ணாடிக் கோப்பையைப் பற்றியது. கோப்பையில் எண்ணெய்ப் பசையோ சோப்பின் மிச்சமோ ஒரு துளி இருந்தாலும் நுரை நிற்காது. நல்ல கோப்பையைச் சற்றே சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி ஊற்றினால், தானியத்தின் புரதமும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்புப் பொருளும் சேர்ந்து கட்டிய நுரை, இரண்டு விரற்கடை உயரத்துக்கு எழுந்து நெடுநேரம் கலையாமல் இருக்கும். நுரை வெறும் அலங்காரம் அன்று. உள்ளிருந்து எழும் நறுமணத்தை மெல்ல மெல்ல வெளியிடும் வாயில் அதுதான். குளிர்ச்சியைப் பற்றி ஆசிரியர் சொன்னதும் நம் நாட்டுப் பழக்கத்துக்கு நேர் மாறானது. இலேசான பீரை 5 டிகிரி அளவில் அருந்துவது தகும். ஆனால் கனமான, கரிய பீரை 10 டிகிரிக்கு மேல் வைத்தாலன்றி அதன் மணங்கள் வெளிப்படுவதில்லை. ஐஸ்போல உறையவைத்துக் கொடுப்பது, உள்ளே இருக்கும் குறையை மறைக்க உதவுமேயன்றி நிறையைக் காட்ட உதவாது.

அடுத்து மூக்கைப் பற்றிய பாடம் வந்தது. வகுப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூக்கை விரல்களால் இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் பருகச் சொன்னார் ஆசிரியர். இனிப்பும் புளிப்பும் கசப்பும் தெரிந்தன; வேறொன்றும் தெரியவில்லை. விழுங்கியபின் விரல்களை எடுத்த அந்தக் கணத்தில், ரொட்டியின் மணமும் ஆரஞ்சுத் தோலின் மணமும் தொண்டையின் பின்புற வழியாக மேலெழுந்து நாசியை நிறைத்தன. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் தெரியும் ஊமாமி என்னும் சிலவற்றை மட்டுமே. மற்றவற்றையெல்லாம் சுவையென்று நாம் நம்பினாலும், உண்மையில் அவை வாசனைகளே. மனித நாசியில் ஏறக்குறைய 400 வகையான மண உணர்விகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து விளக்கிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் ஆகிய இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் வரைந்திருக்கும் படம் பிழையானது என்பதையும் அங்கே தெரிந்துகொண்டோம். எல்லாச் சுவைகளையும் நாக்கின் எல்லாப் பகுதிகளும் உணரவல்லவை. ஒயின் சுவைப்போர் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். பீர் சுவைப்போர் ஒரு சிறு மிடறாவது விழுங்குவதே சம்பிரதாயம். கசப்பின் முழு வடிவமும், விழுங்கியபின் நாசிக்கு ஏறும் மணமும் அப்போதுதான் பிடிபடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். முகர்ந்து முகர்ந்து மூக்கு சலித்துப்போனால் தன் சட்டைக் கையை ஒருமுறை முகர வேண்டுமாம். பழகிய வாசனையில் நாசி மறுபடியும் தெளிவடைகிறது.

தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகிய நான்கே பீருக்கு அடிப்படை. பார்லியை எவ்வளவு வறுக்கிறார்களோ அதற்கேற்பப் பொன்னிறம் முதல் காபியின் கருநிறம் வரை வர்ணமும், ரொட்டி முதல் கருகிய சர்க்கரை வரை மணமும் அமைகின்றன. ஹாப்ஸ் கசப்பைத் தந்து, கெடாமலும் காக்கிறது. இவையிரண்டும் எளிதில் விளங்கிவிட்டன. வியப்புக்கு உரியது ஈஸ்ட். பவேரியாவின் கோதுமை பீரில் கனிந்த வாழைப்பழத்தின் மணம் வீசுகிறது. அதில் யாரும் வாழைப்பழத்தைச் சேர்ப்பதில்லை. பழத்தில் உள்ள அதே இரசாயனப் பொருளை, சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றும் வேலைக்கு நடுவே ஈஸ்ட் தானே உண்டாக்கிவிடுகிறது. இந்த நுண்ணுயிரின் தொழிலை விளக்கி லூயி பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். ஒற்றை ஈஸ்ட் உயிரணுவைப் பிரித்தெடுத்துக் கலப்பில்லாமல் வளர்க்கும் முறையை 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிசாலையில் எமில் ஹான்சன் நிலைநாட்டியபின், ஒரே சுவையுள்ள பீரை ஆண்டு முழுவதும் தயாரிப்பது சாத்தியமாயிற்று.

பீர்களை வைக்கும் வரிசைக்கும் ஒரு கிரமம் உண்டு. மென்மையில் தொடங்கி வன்மைக்குப் போக வேண்டும். எங்களுக்கு முதலில் வந்தது, ஹூகார்டன் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் வெண்மையான கோதுமை பீர். முளைகட்டாத கோதுமையோடு ஆரஞ்சுத் தோலும், நம் சமையலறையில் அன்றாடம் புழங்கும் கொத்தமல்லி விதையும் சேர்த்துத் தயாரிப்பது அது. அவ்வூரின் கடைசி ஆலையும் 1950-களில் மூடப்பட்டு, அந்த வகையே மறைந்துவிடும் நிலை ஏற்பட்டபோது, பியேர் செலிஸ் என்ற பால்காரர், தம் இளமையில் அறிந்த தயாரிப்பு முறையை நினைவில் கொண்டு 1966-இல் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார். இன்று உலகெங்கும் கிடைக்கும் அத்தனை பெல்ஜிய வெள்ளை பீர்களும் அந்த ஒருவரது சிரத்தையின் சந்ததிகள் என்று கூறலாம்.

பிறகு ட்ராப்பிஸ்ட் துறவிகளின் பீர்கள் வந்தன. மடாலயத்தின் மதில்களுக்கு உள்ளேயே, துறவிகளின் மேற்பார்வையில் தயாராகி, வருவாய் மடத்தின் பராமரிப்புக்கும் தர்மகாரியங்களுக்கும் செலவாக வேண்டும் என்பது அவற்றுக்குரிய நிபந்தனை. பெல்ஜியத்தில் வெஸ்ட்மால், வெஸ்ட்ஃப்ளெட்டரன், சிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால் என்னும் ஐந்து மடங்கள் இந்நிபந்தனைகளை இன்றும் நிறைவேற்றி வருகின்றன. பிரெஞ்சுப் புரட்சியின்போது பாழ்பட்ட ஓர்வால் மடத்தை 1926 முதல் மீண்டும் கட்டத் தொடங்கியவர்கள், அந்தத் திருப்பணிக்குப் பொருள் சேர்க்கவே 1931-இல் பீர் ஆலையைத் தொடங்கினார்கள். பெல்ஜிய பீர்களில் பல 8, 9 சதவீதச் சாராயம் உடையனவாக இருப்பதற்கு அரசியல் காரணம் ஒன்றும் சொல்லப்படுகிறது. வாண்டர்வெல்டே என்ற மந்திரியின் முயற்சியால் 1919-இல் வந்த சட்டம், பொது விடுதிகளில் வடிமதுவை விற்கக் கூடாது என்று தடுத்தது. அதற்கு ஈடு தேடியவர்களுக்காகவே கனமான பீர்கள் பெருகின என்பர். சட்டம் 1983-இல் நீங்கிற்று, பீர்கள் நிலைத்துவிட்டன.

கடைசிக் கோப்பையில் வந்தது கூஸ். இதை முதன்முறை அருந்துவோர் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள்; அவ்வளவு புளிப்பு. பிரஸ்ஸல்ஸிலும் அதன் மேற்கேயுள்ள கிராமங்களிலும் தயாராகும் லாம்பிக் என்னும் பீரிலிருந்து உண்டாவது இது. லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கோதுமையும் பார்லியும் சேர்ந்த கஷாயத்தை, கசப்புப் போகும் வரை ஆண்டுக்கணக்கில் காயவைத்த பழைய ஹாப்ஸுடன் கொதிக்கவைத்து, கூரைக்கு அடியில் உள்ள அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைக்கிறார்கள். நம் வீட்டு இட்லி மாவு எவ்வாறு தானாகவே பொங்கிப் புளிக்கிறதோ, அவ்வாறே காற்றிலும் மரத்திலும் உறைந்திருக்கும் நுண்ணுயிர்கள் இறங்கி அதைப் புளிக்கச் செய்கின்றன. வெயிற்காலத்தில் தீங்கான கிருமிகள் மிகுந்துவிடும் என்பதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை நடக்கும். பூமி வெப்பமேறி வருவதால் இந்தப் பருவம் குறுகுகிறதே என்று ஆலைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். மறுநாள் மரப்பீப்பாய்களுக்கு மாறும் பானம், அவற்றிலேயே ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு எனக் கிடக்கிறது. இளையதையும் முதியதையும் கலந்து சீசாவில் அடைத்தால், இளையதில் எஞ்சிய சர்க்கரை மறுபடியும் நொதித்து வாயு உண்டாகிறது, அதுவே கூஸ். 1900-இல் தொடங்கிய கான்டில்லோன் என்னும் குடும்ப ஆலை, நகரின் ஆன்டர்லெக்ட் பகுதியில் இன்றும் இம்முறையை வழுவாமல் கைக்கொண்டு வருகிறது. 1978 முதல் அதுவே ஓர் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. பீப்பாய்களுக்கு இடையே படர்ந்த சிலந்தி வலைகளை அங்கே யாரும் கலைப்பதில்லை. பானத்தை நாடி வரும் பூச்சிகளைச் சிலந்திகள் பிடித்துவிடுகின்றன. எலுமிச்சை, ஈர மரம், குதிரை லாயத்து வைக்கோல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மணத்தைச் சொல்ல, அந்த வைக்கோல் மணத்துக்குக் காரணமான பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட்டை 1904-இல் டேனிஷ் அறிஞர் கிளவுசன் பெயரிட்டு அறிவித்த செய்தியை ஆசிரியர் கூறினார். பெரும்பாலான பீர்களில் கேடாகக் கருதப்படும் அதே மணம் இங்கே சிறப்பாக மதிக்கப்படுகிறது. நான் பருகிய அத்தனையிலும் உயர்ந்தது இதுவே என்பது என் துணிபு.

வகுப்பு இத்துடன் முடிந்திருந்தால் அது இன்பமான பொழுதுபோக்கு என்ற அளவிலேயே நின்றிருக்கும். அதைக் கல்வியாக்கியது, இறுதியில் வைத்த பழுதான பீர்களே. ஒரே பீரை நான்கு கோப்பைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குறையை வேண்டுமென்றே உண்டாக்கி எங்கள் முன் வைத்தார்கள். ஒன்றில் வெண்ணெய் மணத்தது. நொதித்தல் நிறைவடையும் முன் அவசரப்பட்டு எடுத்ததன் விளைவு அது. இன்னொன்றில் வேகவைத்த மக்காச்சோளம். கொதிப்பு போதாமையின் அடையாளம். மூன்றாவதில் நனைந்த காகிதம். பழசாகிக் காற்றுப் பட்டது. நான்காவதில், ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயிலில் சிதைவதால் எழும் துர்நாற்றம். பழுப்பு நிறச் சீசாக்கள் வழக்கத்துக்கு வந்ததன் காரணம் இதுதான் என்றும், பச்சைச் சீசாவோ நிறமற்ற சீசாவோ அத்தகைய காவலைத் தராது என்றும் விளக்கினார்கள். இக்குறைகளையும் நல்ல மணங்களையும் ஒருங்கே வட்டமாக அடுக்கி, உலகெங்குமுள்ள பீர் பரிசோதகர்கள் ஒரே பாஷையில் பேசும்படி 1970-களில் வகுத்துக் கொடுத்தவர் மோர்ட்டன் மெய்ல்கார்ட் என்னும் டேனிஷ் விஞ்ஞானி. நன்றாக இல்லை என்று சொல்ல எல்லோராலும் முடியும். எது நன்றாக இல்லை, எதனால் என்று சொல்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியின் முதற்படியில் இரண்டு மணி நேரத்தில் கால்வைக்க முடிந்தது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

எங்கள் மேஜையில் மது அருந்தாத மாது ஒருவரும் இருந்தார். கணவருக்குத் துணையாக வந்த அவர், ஒவ்வொரு கோப்பையையும் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். பழுதான நான்கில் மூன்றை எங்கள் எல்லோருக்கும் முன்பாக அவரே இனங்கண்டார்.

இத்தகைய வகுப்புக்குப் போக எண்ணுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அன்றைக்கு அத்தர், சென்ட் எதுவும் பூசிக்கொள்ளாதீர்கள். அது உங்கள் மூக்கை மட்டுமன்றிப் பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் கெடுக்கும். வெறும் வயிற்றுடன் போகாதீர்கள், காரமாகவும் உண்ணாதீர்கள். கோப்பைகளுக்கு நடுவே தண்ணீரும் ரொட்டித் துண்டும் வைத்திருப்பார்கள், அவற்றை ஒதுக்காதீர்கள். கோப்பையில் எஞ்சியதைக் கீழே ஊற்றிவிடுவதில் அங்கே யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பெல்ஜியச் சட்டம் வாகனம் ஓட்டுவோரின் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் சாராயம் இருக்கக் கூடாது என்கிறது. ஆகையால் நடந்தோ டிராமிலோ விடுதிக்குத் திரும்புங்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக அதைத் தொடங்க வேண்டியதில்லை. கான்டில்லோன் ஆலையின் மாடியில் அந்த அகன்ற செம்புத் தொட்டியையும் கீழே பீப்பாய்களின் வரிசையையும் பார்ப்பதற்கு ஒரு மிடறும் பருக வேண்டிய அவசியம் இல்லை.