கறவைப் பசு சினை பிடிக்காதது ஏன்?

பல்லடம் வட்டாரத்தில் தறி ஓட்டும் அங்கத்தினர் வீட்டிலும் சரி, தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர் வீட்டிலும் சரி, கட்டுத்தரையில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களைக் காண்கிறோம். அவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று: “பால் நன்றாய்க் கறக்கிறது, மூன்று ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை.” பருவம் ஒருமுறை தவறினால் 21 நாட்கள் வீண்; நான்கு முறை தவறினால் 84 நாட்கள். பால் வற்றிய பின்னரும் தீவனச் செலவு குறைவதில்லை. கறவைக் கடனின் தவணையும் காத்திருப்பதில்லை. கடைசியில் மலடு என்ற பெயருடன், வியாபாரி கேட்ட விலைக்குப் பசு போய்விடுகிறது. அவ்வாறு விற்கப்படுவனவற்றுள் பல மலடே அல்ல.

பாலிலுள்ள சர்க்கரை, பசுவின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்து உண்டாவது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 15 லிட்டர் கறக்கும் பசுவின் மடிக்கு நாள்தோறும் ஒரு கிலோவுக்குமேல் போகிறது. ஈன்ற முதல் வாரங்களில் பசு தின்னும் தீவனம் இதற்கு ஈடாவதில்லை. தன் உடற் கொழுப்பைக் கரைத்தே பால் தருகிறது. அப்பொழுது இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. தசைக்கும் கொழுப்புக்கும் குளுக்கோஸ் புக இன்சுலின் துணை வேண்டும். மடிக்கு அது வேண்டுவதில்லை. ஆகவே முதற் பங்கு மடிக்கே சேர்கிறது. கன்றைக் காக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்றொரு பொருள் உண்டு. 1957இல் ஸால்மன், டாகடே என்னும் இருவர் அதன் செயலை முதலில் கண்டுரைத்தனர். பெரும்பாலும் கல்லீரலில் சுரக்கும் இப்பொருளும் பசு மெலியும்போது குறைந்துவிடுகிறது. சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் நீர்க்கொப்புளம், மூளையடிச் சுரப்பியின் கட்டளைக்குச் செவிசாய்க்க இக்காரணியும் இன்சுலினும் தேவை. இரண்டும் குறைந்தால் கொப்புளம் முதிராது. பசு பருவத்திற்கு வராது, வந்தாலும் அடையாளம் தெளிவாய்த் தெரியாது.

முட்டைக்கோ குளுக்கோஸை நேரே எரிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. சுற்றியுள்ள சிற்றணுக்கள் அதை வாங்கி, பைருவேட் என்னும் பொருளாக்கி ஊட்டுகின்றன. தாய் மென்று குழந்தைக்குக் கொடுப்பதுபோல. மேலும் ஒரு முட்டை வளர்ந்து வெளிப்படப் பல வாரங்கள் ஆகின்றன. பாவில் விழுந்த குறை துணியில் பின்னர்த் தெரிவதை நெசவாளர் அறிவர். அதேபோல, ஈன்றவுடன் பட்ட பட்டினி இரண்டு மூன்று மாதங்கள் கழித்துப் போடும் ஊசியைக் கெடுக்கக் கூடும். ஊசி போட்டவரைக் குறை கூறிப் பயனில்லை.

பசுவுக்குச் சர்க்கரைதானே குறை, வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தால் ஆகாதா எனச் சிலர் கேட்கின்றனர். ஆகாது. வெல்லத்தை முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே உண்டுவிடும். அவை தீவனத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்தே கல்லீரல் குளுக்கோஸைச் செய்கிறது. மக்காச்சோளம் போன்ற தானியம் இவ்வமிலத்தை மிகுதியாய்த் தரும். ஆனால் திடீரென்று தானியத்தைக் கொட்டினால் வயிறு புளித்துப் பசு தீனியை மறுக்கும். பசும்புல்லும் சோளத்தட்டும் குறையாமல், அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக, இரண்டு வாரங்களில் உயர்த்துவதே தக்கது.

ஈனுவதற்கு முன்பே கொழுக்கவைப்பதும் தவறு. கொழுத்த பசு ஈன்றபின் குறைவாய்த் தின்னும், அதிகமாய் மெலியும். கறவை வற்றிய இரண்டு மாதங்களில் நடுத்தர உடற்கட்டே போதும். நம் காங்கயம் பசுவுக்கு இத்தொல்லை அரிது. அது கறப்பது கொஞ்சம், கொழுக்கட்டைப் புல் மேய்ச்சலே அதற்குப் பெரும்பாலும் ஈடாகிவிடும். அதே தீனியில் கலப்பினப் பசுவை வைத்துக்கொண்டு அதிகப் பாலை எதிர்பார்ப்பது கணக்குக்கு ஒவ்வாது.

கருப்பைப் புண், தாது உப்புக் குறைவு, பருவத்தைக் கவனியாமை ஆகியவையும் காரணமாகலாம். ஆதலால் ஈன்று 60 நாட்களாகியும் பருவம் காணாத பசுவை, விலை பேசுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதிகள், விலா எலும்பு எப்பொழுது தெரியத் தொடங்கியது என்பவற்றைப் பால் கணக்குப் புத்தகத்தின் ஓரத்திலேயே குறித்துவைத்தால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை கையிலிருக்கும்.