ஏற்புவலிக் கிருமி மாறினாலும் ஊசி பலிப்பது ஏன்?

புதுக்காணி திருத்தும்போது முள்ளுக் குத்துவதும் மண்வெட்டி காலிற் படுவதும் நமக்குப் புதினமல்ல. "கிருமிகள் மாறிக்கொண்டே இருக்கின்றனவாமே. சின்ன வயதிற் போட்ட ஏற்பு ஊசி இன்னும் பலிக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் மாட்டெருவிலும் இருக்கும் ஒரு பற்றீரியா. ஒட்சிசன் அதற்கு ஆகாது. காற்றுள்ள இடத்தில், தடித்த உறைகொண்ட வித்தியாக, விதைநெல்லைப் போல ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஆழமான காயத்திற்குள் காற்று எட்டாது. அங்கே அது முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கிறது. தசைகளை இறுக்கி உயிரைப் பறிப்பது அந்த நச்சே.

கிருமி இரண்டாகப் பிரியும்போது தன் பரம்பரை எழுத்துக்களைப் படியெடுக்கிறது. காணி உறுதியைப் பார்த்து எழுதுபவர் எப்போதாவது ஓரெழுத்தைப் பிழைவிடுவதுபோல, பல நூறு பிரிவுகளுக்கு ஒருமுறை அதிலும் பிழை நேரும். இதுவே விகாரம். கிருமி தேவை கருதிச் செய்வதல்ல, தானாக நேர்வது. லூரியா, டெல்புரூக் என்போர் 1943இல் வேறொரு பற்றீரியாவில் இதைக் காட்டினர். ஆபத்து வரும்போது, முன்னரே பொருத்தமாக மாறியிருந்தவை தப்பிப் பெருகுகின்றன.

2003இல் ஜேர்மனிய விஞ்ஞானிகள் ஏற்புவலிக் கிருமியின் எழுத்துக்களை முழுமையாக வாசித்தனர். பெரிய வளையத்தில் ஏறக்குறைய 28 இலட்சம் எழுத்துக்கள். நச்சுக்கான கட்டளையோ, சுமார் 74,000 எழுத்துக்கள் கொண்ட தனியான சிறு வளையத்தில் இருந்தது. அச்சிறு வளையத்தை இழந்த கிருமிக்கு நச்சில்லை. பல கிருமிகளை ஒப்பிட்டபோது, மற்றவை வேறுபட்டாலும் நச்சின் அமைப்பு பெரிதும் மாறாமலே இருந்தது.

ஊசி தடுப்பது கிருமியை அல்ல, நச்சை. ஆகவேதான் அது இன்றும் பலிக்கிறது. காலம் செல்லக் குறைவது நம் உடலிலுள்ள எதிர்ப்புச் சக்தியே. இந்நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாமல் மண்ணிலிருந்தே வருவதால், அயலவர் போட்ட ஊசி நம்மைக் காக்காது.

காயத்தைச் சவர்க்காரமிட்டுச் சுத்தமான நீராற் கழுவுவோம். சாணமோ மண்ணோ அப்பவேண்டாம். ஆழமான அல்லது அழுக்கான காயமெனில் தாமதியாது வைத்தியசாலைக்குப் போவோம். கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போடவேண்டும். இடம்பெயர்ந்தபோது ஊசி அட்டை தொலைந்திருந்தால், வெட்கப்படாமல் அதையும் சொல்வோம்.